ரோஸ்டர் போட்டது யார்?

"என் டீமில் இதுவரை ஒரு சண்டைகூட வந்ததில்லை." வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டத்தில் நான் பெருமையாகச் சொன்ன வாக்கியம் இது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்தும் கொண்டார். அந்த வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை. பொய் சொன்னேன் என்பதற்காக இல்லை, சொன்ன நேரத்தில் அது உண்மைதான். பதினெட்டு பேர் கொண்ட வாடிக்கையாளர் சேவைக் குழு எங்களுடையது. அதில் யாரும் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அந்த அமைதியைத்தான் நான் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஹெட்செட்டில் ஆரம்பித்தது. பர்மனென்ட் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு ஹெட்செட் உண்டு. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் காலையில் பர்மனென்ட் பெண் ஒருவர் வந்து பார்க்கிறார், அவருடைய ஹெட்செட்டின் ஒரு பக்க ஸ்பாஞ்ச் பிய்ந்து தொங்குகிறது. மைக் தண்டில் யாரோ செல்லோ டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். அவர் அதைப் படம் எடுத்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். கீழே, "அடுத்தவங்க பொருளை எடுக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு" என்று ஒரு வரி. "சிலர்" யார் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிடத்தில் நாற்பது செய்திகள். ஹெட்செட்டில் தொடங்கிய பேச்சு, யார் எத்தனை அழைப்பு எடுக்கிறார்கள், யாருக்கு எந்த நாற்காலி, யார் யாரைப் பார்த்து வணக்கம் சொல்வதில்லை என்று போய்க்கொண்டே இருந்தது.

நான் ஒரு டீம் லீட் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன். புது ஸ்பாஞ்ச் வாங்கித் தந்தேன். ஹெட்செட்களில் பெயர் ஒட்ட வைத்தேன். இரு தரப்பிலும் தனித்தனியாகப் பேசினேன், "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொன்னேன். அடங்கியது. இரண்டு வாரத்தில் நாற்காலி விஷயத்தில் மறுபடியும் வந்தது. அதையும் தீர்த்து வைத்தேன். அப்புறம் ஏசி. அதையும் தீர்த்தேன். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது, நான் தீர்த்துக்கொண்டிருந்த எதுவுமே இவர்களுடைய பிரச்சினை இல்லை என்று.

மதிப்பெண்ணுக்காகப் படித்தது

சமூகவியலை நான் கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்தவள். மோதல் கோட்பாடுகள், அதாவது சமூகத்தில் நலன்களும் அதிகாரமும் எப்படி மோதிக்கொள்கின்றன என்று பார்க்கும் கோட்பாடுகள், என்ற பகுதிக்கு மார்க்ஸ், வெபர், சிம்மல், கோசர், டாரன்டார்ஃப் என்று ஐந்து பெயரை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு, மறந்துபோனேன். இதெல்லாம் ஆலைப் புகைக்கூண்டுகளின் காலத்துச் சமாசாரம், இன்றைய சமூகத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணமும் அப்போது இருந்தது. முதலாளி என்று கைகாட்ட ஓர் ஆளே இல்லாத, எல்லாமே ஆப்பிலும் ஷீட்டிலும் நடக்கிற காலத்தில் வர்க்கப் போராட்டம் என்று பேசுவது எப்படி என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி.

ஏசி சண்டைக்குப் பிறகு பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தேன். முதலில் என்னை நிறுத்தியவர் லூயிஸ் கோசர். 1956-ல் அவர் எழுதிய நூலில் ஒரு வாதம் இருக்கிறது: ஓர் உறவில் மோதல் இல்லை என்பதை வைத்து அந்த உறவு உறுதியானது என்று முடிவு கட்ட முடியாது. உறவு முறிந்துவிடும் என்ற பயம் இருக்கிற இடத்தில் மனிதர்கள் மனத்தாங்கலை விழுங்கிக்கொள்வார்கள். முறியாது என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் தைரியமாகச் சண்டை போடுவார்கள். இதைப் படித்தபோது என் டீமில் யார் யார் இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்தார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கான்ட்ராக்டில் இருந்த எட்டு பேரும். அவர்களுடைய வேலை சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும், அல்லது புதுப்பிக்கப்படாது. மதிப்பீட்டுக் கூட்டத்தில் நான் பெருமைப்பட்டது அவர்களுடைய பயத்தைப் பார்த்து.

கோசரிடம் இன்னொரு பாகுபாடும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கோரிக்கை நிறைவேறாமல், அதற்குக் காரணமானவரை நோக்கி எழுகிற மோதல் ஒரு வகை. உள்ளே சேர்ந்துபோன இறுக்கத்தை எங்காவது கொட்ட வேண்டும் என்பதால், கையில் அகப்பட்டவர் மேல் பாய்கிற மோதல் இன்னொரு வகை. முதல் வகையில் கேட்டது வேறு வழியில் கிடைத்துவிட்டால் சண்டை தேவையில்லை. இரண்டாவது வகையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், பொருள் மாறிக்கொண்டே இருக்கும், சண்டை மட்டும் தீராது. ஹெட்செட், நாற்காலி, ஏசி. இணையத்தில் தினம் தினம் நாம் பார்க்கிற பெரும்பாலான சண்டைகளும் இந்த இரண்டாவது வகை என்பது என் எண்ணம். நேற்று திட்டியவரை இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது, அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டு.

சரி, அப்படியானால் எங்கள் குழுவில் நிறைவேறாமல் கிடந்த கோரிக்கை எது?

எட்டு வாரத்து ஷீட்

ஒரு வியாழக்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு கடந்த எட்டு வாரத்து ரோஸ்டர்களை, அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல்களை, வரிசையாகத் திறந்து வைத்தேன். ரோஸ்டரை வியாழன்தோறும் நான்தான் குழுவில் போடுவேன். ஆனால் எந்த ஷிப்டில் எந்த வகை ஆட்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மேலிருந்து வரும். கட்டங்களில் பெயர் போடுவது மட்டும் என் வேலை. பர்மனென்ட் ஆட்களின் வரி நீலம், கான்ட்ராக்ட் ஆட்களின் வரி மஞ்சள். இரவு ஷிப்ட் இருக்கும் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தேன். முதல் வாரத்தில் நீலமும் மஞ்சளும் கலந்திருந்தன. மூன்றாவது வாரத்தில் நீலம் குறைந்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து அந்தப் பத்தி முழுக்க மஞ்சள். பதினான்காவது வரியில் இருந்த பெண்ணுக்கு நான்கு வாரம் தொடர்ந்து இரவு. அந்தப் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டது என் கை. நான்கு வாரமும் நான்தான் போட்டிருக்கிறேன், ஒரு முறையும் கண்ணில் படவில்லை.

காரணத்தை விசாரித்தபோது விஷயம் எளிமையாக இருந்தது. இரவு வேலைக்கு பர்மனென்ட் ஊழியர்களுக்கு அலவன்ஸ் உண்டு, கான்ட்ராக்ட் ஊழியர்களுக்குக் கிடையாது. எனவே இரவில் மஞ்சளை வைத்தால் செலவு மிச்சம். அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு விதி இரண்டு பக்கமும் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பர்மனென்ட் ஆட்களில் பலருக்கு அந்த அலவன்ஸ் தேவைப்பட்டது. மாதத்தில் சில இரவுகளை அவர்கள் கேட்டு வாங்கிச் செய்துகொண்டிருந்தார்கள். அது நின்றுபோனதும், "இவங்க வந்த பிறகுதான் நம்ம அலவன்ஸ் போச்சு" என்ற புகைச்சல். கான்ட்ராக்ட் பக்கத்திலோ, "அவங்க மட்டும் நிம்மதியா வீட்டில தூங்கறாங்க" என்ற எரிச்சல். ஒருவர் இழந்தது இன்னொருவருக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டு பேரும் இழந்தார்கள். இரண்டு பேருமே பக்கத்து நாற்காலியைத்தான் முறைத்தார்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். பழமொழி ஒற்றுமையைச் சொல்கிறது, நல்லது. ஆனால் ஊர் எதனால் இரண்டுபட்டது என்று அது கேட்பதில்லை. மோதல் கோட்பாடுகள் அந்த இடத்திலிருந்துதான் கேட்கத் தொடங்குகின்றன. 1954-ல் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீஃப் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடத்திய கோடை முகாம் ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருபத்திரண்டு பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, பரிசுக்குப் போட்டி வைத்தார்கள். சில நாட்களிலேயே வசவு, கொடி எரிப்பு, அறைக்குள் புகுந்து சூறையாடல். பிறகு, தண்ணீர்க் குழாய் அடைப்பை நீக்குவது போல இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைகளைக் கொடுத்ததும் பகை தணிந்தது. இதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் பாடம், பொதுவான இலக்கு மக்களைச் சேர்க்கும் என்பது. எனக்கு இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த முகாமில் இருந்தவை இரண்டு குழுக்கள் இல்லை, மூன்று. பையன்களைப் பிரித்து, போட்டி வைத்து, பரிசை நிர்ணயித்து, தண்ணீரையும் நிறுத்திவைத்த பெரியவர்கள் மூன்றாவது குழு. பையன்களின் கோபம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கோபப்பட அவர்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மார்க்ஸ் போதுமா?

மார்க்ஸை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் குழுவைப் பார்த்தால் பாதி புரிகிறது. பதினெட்டு பேரும் உழைப்பை விற்பவர்கள், எனவே ஒரே பக்கம். செலவைக் குறைக்கும் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் 1867-ல் வெளிவந்த மூலதனத்தின் முதல் தொகுதியைவிடத் தெளிவாகச் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே பக்கத்தில் நிற்கும் பதினெட்டு பேர் ஏன் தங்களை இரண்டு சாதி மனிதர்கள் போல நினைத்துக்கொண்டார்கள் என்பதற்கு வெபரிடம் போக வேண்டியிருக்கிறது. பொருளாதார நிலை ஒன்று, கௌரவம் வேறொன்று என்று பிரித்துச் சொன்னவர் அவர். பர்மனென்ட் ஊழியரின் அடையாள அட்டைக் கயிறு நீலம், மற்றவர்களுக்கு மஞ்சள். அந்தக் கயிற்றின் நிறம் சம்பளத்தைவிட ஆழமாக ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. ஹெட்செட்டைத் தொட்டதற்கு அத்தனை கோபம் வந்தது அதனால்தான்.

இன்றைய உலகத்துக்கு மிக நெருக்கமாக இருப்பவர் என்று நான் நினைப்பது ரால்ஃப் டாரன்டார்ஃப். 1957-ல் ஜெர்மன் மொழியிலும் 1959-ல் ஆங்கிலத்திலும் வந்த அவருடைய நூல், சொத்து யார் கையில் என்பதைவிட, கட்டளையிடும் உரிமை யார் கையில் என்ற கேள்வியை மையத்துக்குக் கொண்டுவந்தது. எந்த அமைப்பை எடுத்தாலும் சிலர் முடிவு செய்கிறார்கள், மற்றவர்கள் அதன்படி நடக்கிறார்கள். மோதலின் வேர் அங்கே. அப்படிக் கட்டளைப்படி நடப்பவர்களுக்கு ஒரே மாதிரியான நலன் இருக்கும், ஆனால் அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அது வெளிப்பட்டு, பேசப்பட்டு, ஒரு அமைப்பாகத் திரளும்போதுதான் அவர்கள் ஒரு தரப்பு ஆகிறார்கள். அதுவரை ஒரே படகில் இருக்கும் தனித்தனி ஆட்கள். ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் வைத்திருப்பவரும் அதிகாரச் சங்கிலியின் பகுதிதான் என்றும் அவர் சொல்கிறார். அதாவது நானும். மேலே எனக்கு ஒரு பேச்சும் இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், பதினான்காவது வரியில் பெயர் போடும் கை என்னுடையது.

இதை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தால் எத்தனையோ விஷயங்கள் துலங்குகின்றன. ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்களா, தொழிலாளர்களா என்ற வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்த பெயர்களை நீதிபதிகள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், ஒப்பந்த நிபந்தனைகளை யார் எழுதுகிறார்கள், சவாரியை மறுத்தால் என்ன ஆகிறது, பயணிகள் தரும் மதிப்பெண் ஓட்டுநரை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டார்கள். எல்லாவற்றிலும் கட்டுப்பாடு நிறுவனத்தின் கையில் என்று வந்ததால், அவர்கள் தொழிலாளர்களே என்று முடிவு செய்தார்கள். ஓட்டுநரின் கார் அவருடைய சொந்த கார். சொத்தை மட்டும் பார்த்தால் அவர் சிறு முதலாளி. கட்டளை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் உண்மை நிலை தெரிகிறது. முதலாளி கண்ணுக்குத் தெரியாத காலம் என்று நான் நினைத்தது எவ்வளவு மேலோட்டம்! ரோஸ்டரை இப்போது ஆப் போடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். சமூகத்துக்கு முக்கியமான, திறமை தேவைப்படும் பொறுப்புகளுக்கு ஆட்களை இழுக்க வேண்டுமானால் கூடுதல் சன்மானம் இருந்துதான் ஆக வேண்டும், ஆகவே ஏற்றத்தாழ்வுக்கு ஒரு பயன் உண்டு என்று சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945-ல் எழுதினார்கள். படிக்கும் காலத்தில் எனக்கு இது நியாயமாகவே பட்டது. 2020-ல் பெருந்தொற்று வந்து உலகமே கதவைச் சாத்தியபோது, நாடுகள் "அத்தியாவசியப் பணியாளர்கள்" என்று பட்டியல் போட்டன. குப்பை அள்ளுபவர்கள், கிடங்கில் பெட்டி தூக்குபவர்கள், முதியோரைப் பராமரிப்பவர்கள், சரக்கு வண்டி ஓட்டுபவர்கள். இவர்களில் பெரும்பாலோர் அதிகச் சம்பளம் வாங்குபவர்கள் இல்லை. எந்த வேலை முக்கியம் என்பது ஒன்று, எந்த வேலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு. அந்தப் பட்டியலுக்குப் பிறகு அந்தப் பழைய கட்டுரையை என்னால் அதே கண்ணோடு படிக்க முடியவில்லை.

ஆனால் மோதல் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சதிகாரரைத் தேடுவது பெரிய தவறு, அதில் நானும் சில நாள் விழுந்து கிடந்தேன். எங்கள் ஷிப்ட் எண்ணிக்கையை நிர்ணயித்தவரை நேரில் பார்த்தேன். அவர் கையிலும் ஒரு ஷீட் இருந்தது, அதில் அவருக்கு மேலே இருப்பவர்கள் கொடுத்த செலவு வரம்பு இருந்தது. யாரையும் வதைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. மஞ்சள் வரிகளில் இருந்த பெயர்களை அவர் பார்த்ததே இல்லை, எண்களைத்தான் பார்த்தார். இன்னொன்றும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்ன ஒரு கான்ட்ராக்ட் பையனுக்காக, ஹெட்செட் படத்தைப் போட்ட அதே பெண் ஓர் இரவு ஷிப்டை அலவன்ஸ் இல்லாமல் மாற்றிக்கொண்டார். சண்டை உச்சத்தில் இருந்த வாரம் அது. இதை அதிகாரம், நலன் என்ற சொற்களால் என்னால் விளக்க முடியவில்லை. சிம்மல் 1908-லேயே ஒன்று சொல்லியிருக்கிறார்: மோதலும் ஓர் உறவு வடிவம்தான், உறவுக்கு உண்மையான எதிர்ப்பதம் அலட்சியம். ஊடல் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் காலமாகப் புழங்குகிற நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை.

அந்த அறையில் நடந்தது

எட்டு வாரத்து ஷீட்டை அச்செடுத்து, இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் காட்டினேன். நான் பெரிதாக எதுவும் விளக்கவில்லை. தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன். கடைசிப் பத்தி முதல் தாளிலிருந்து எட்டாவது தாள் வரை மெதுவாக மஞ்சளாகிக்கொண்டே போவது எல்லோருக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஹெட்செட் பெண் விரலை வைத்து ஒவ்வொரு வாரமாக நகர்த்திக்கொண்டே போய், பதினான்காவது வரியில் நிறுத்தினார். "தொடர்ந்து நாலு வாரமா?" என்று கேட்டார். எதிரே இருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவளே, அதுவரை கூட்டங்களில் வாய் திறந்து நான் பார்த்திராத அந்தப் பெண், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இதை முடிவு பண்றது யாருக்கா?"

ஒரு தரப்பு உருவாகும் கணத்தை டாரன்டார்ஃப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். நான் அதைப் பார்த்தது அந்தக் கேள்வியில். "ஏன் அவங்களுக்கு மட்டும்" என்று இருந்தது "யார் முடிவு பண்றது" என்று மாறியதும் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள், நிஜமாகவே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு. ஷீட்டின் ஒவ்வொரு கட்டமும் எட்டு மணி நேரம். அந்த எட்டும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. பல தலைமுறைத் தொழிலாளர்கள் தெருவில் நின்று கேட்ட பிறகே 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையில், தொழிற்சாலை வேலைக்கான வரம்பாக அது ஏறியது. இதை நான் அந்த அறையில் சொல்லவில்லை. அந்தத் தாள்களைப் பார்த்தபோது மனதில் வந்தது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையில், கூடுதலா குறைவா என்று பேசித் தீர்க்கக்கூடிய மோதல்களையும், ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே நிற்கும் மோதல்களையும் பிரிக்கிறார். "நீங்க எல்லாம் இப்படித்தான்" என்ற சண்டைக்கு நடுவழி கிடையாது. தொடர்ந்து எத்தனை இரவு என்ற சண்டைக்கு உண்டு. அன்று மாலை எழுதிய கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. யாருக்கும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் இரவு ஷிப்ட் கூடாது. இரவு வேலை யார் செய்தாலும் அலவன்ஸ் வேண்டும். பதினேழு கையெழுத்துகள். என் இடம் காலியாக இருந்தது. டீம் லீட் கையெழுத்துப் போட்டால் கடிதம் எடுபடாது என்று சொன்னேன். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். உண்மையில் நான் பயந்தேன்.

முதல் கோரிக்கை ஏற்கப்பட்டது. இரண்டாவது இல்லை. ஹெட்செட் சண்டைகள் முழுக்க நின்றுவிட்டன என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாட்ஸ்அப்பில் நாற்பது செய்தி வருவதில்லை. ஏசி பற்றி இப்போதும் முணுமுணுப்பு உண்டு, அதை அவர்களே பேசிக்கொள்கிறார்கள். குழு முன்பைவிடச் சத்தமாக இருக்கிறது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறார்கள், சில சமயம் என்னையும்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்த ஷீட்டில் பதினான்காவது வரியில் வேறு பெயர் இருந்தது. அவளுடைய கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதே மாதத்தில் இன்னும் இரண்டு பேருக்கும் முடிந்தது, ஆகவே இது கடிதத்தால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. போன பிறகு அவள் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: "ரொட்டேஷன் ஒழுங்கா நடக்குதாக்கா?" நடக்கிறது என்று பதில் போட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் போனை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

இந்த வாரம் இரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். அலவன்ஸ் கோரிக்கை அதில் மறுபடியும் இருக்கிறது. கான்ட்ராக்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியைச் சேர்க்கச் சொன்னது ஹெட்செட் பெண். கையெழுத்துப் பட்டியலில் முதல் இடத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறேன்.